ஜிபி, எம்பி கணக்கு: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஸ்கேன், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம், பென்டிரைவ் விற்பது, ஹார்ட் டிஸ்க் மாற்றிக் கொடுப்பது எல்லாம் நடக்கும். கெடிலத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சக்குப்பத்திலிருந்தும், முதுநகரிலிருந்தும், சில நாள் புதுச்சேரியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வேலை என்னவாக இருந்தாலும் பேச்சு கடைசியில் ஜிபி, எம்பி கணக்கில் வந்து நிற்கும். கூட்ட நேரத்தில் பாதி பதில் சொல்லி அனுப்பிவிடுகிறேன். அந்தப் பாதி பதிலால் பணமும் நேரமும் வீணானவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே முழுதாக எழுதுகிறேன்.

பிட், பைட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஒரு பைட்டுக்குள் எட்டு பிட் இருக்கிறது.

பிட் என்பது 0 அல்லது 1, அவ்வளவுதான். அதற்குக் கீழே பிரிக்க முடியாது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். வீட்டில் படியால் அரிசி அளந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: எட்டு ஆழாக்கு ஒரு படி. பிட்டை ஆழாக்கு என்றும் பைட்டைப் படி என்றும் வைத்துக்கொண்டால் குழப்பமே வராது. இன்னும் கொஞ்சம் பார்த்தால் நம் பழைய அளவைகள் இரட்டிப்பாகவே ஏறுகின்றன. 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. கம்ப்யூட்டரும் இப்படித்தான் 2, 4, 8 என்று ஏறும். பாடப் புத்தகத்தில் 4 பிட்டுக்கு நிபில் என்று ஒரு பெயர் வரும். அது நம் உரி.

பிட் என்ற சொல் 1948-ல் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அச்சேறியது. சொல்லை உருவாக்கியவர் புள்ளியியல் அறிஞர் ஜான் டூக்கி என்று ஷானனே அதில் குறிப்பிட்டிருக்கிறார். பைட் என்ற பெயரை 1956-ல் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த வெர்னர் புக்கோல்ஸ் வைத்தார். ஆரம்பத்தில் பைட் என்றால் எட்டு பிட்தான் என்ற கட்டாயம் இல்லை. எழுத்துக்கு ஆறு பிட் வைத்த இயந்திரங்களும் உண்டு. 1964-ல் வந்த ஐபிஎம் சிஸ்டம்/360-க்குப் பிறகு எட்டு என்பது நிலைத்துவிட்டது.

100 எம்பி ஸ்பீடு என்று சொல்லித்தான் நெட் கனெக்‌ஷன் கொடுத்தார்கள். டவுன்லோடு செய்தால் 11, 12-க்கு மேல் போகவில்லையே?

கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் உங்கள் கனெக்‌ஷனில் குறை எதுவும் இருக்காது.

நெட் விற்பவர் ஆழாக்கில் சொல்கிறார், டவுன்லோடு காட்டும் திரை படியில் சொல்கிறது. 100 எம்பிபிஎஸ் என்றால் ஒரு நொடிக்கு 100 மெகாபிட். எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். அதிலும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மேலும் முகவரி, சரிபார்ப்பு எண் என்று கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகும். அதற்கு ஐந்து சதவீதம் போல் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் 11.8. வைஃபை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால் இன்னும் குறையும்.

ஆங்கிலத்தில் இந்த வித்தியாசத்தைச் சின்ன பி, பெரிய பி என்று எழுத்திலேயே காட்டுவார்கள்: சின்ன பி பிட், பெரிய பி பைட். தமிழில் எழுதும்போதும் பேசும்போதும் அந்த வசதி இல்லை. இரண்டையுமே "எம்பி" என்கிறோம். இந்தக் கணக்கில் நம்மூரில் வரும் தகராறில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லால் வருவது. அதனால் ஸ்பீடு பற்றிப் பேசும்போது மெகாபிட், ஃபைல் பற்றிப் பேசும்போது மெகாபைட் என்று முழுச் சொல்லையே பயன்படுத்துங்கள். கனெக்‌ஷன் கொடுக்க வருகிற தம்பியிடமும் "பிட்டா, பைட்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அவசரத்துக்கு இதை நினைவில் வைத்தால் போதும்: 40 மெகாபிட் என்றால் 5 மெகாபைட், 100 என்றால் 12.5, 200 என்றால் 25.

சரி, ஒரு கேபி என்பது 1000 பைட்டா, 1024 பைட்டா?

இரண்டு கணக்கும் புழக்கத்தில் இருக்கிறது. யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

கிலோ என்றால் ஆயிரம். கிலோகிராம், கிலோமீட்டர் எல்லாவற்றிலும் ஆயிரம்தான். ஆனால் கம்ப்யூட்டர் நினைவகம் இரண்டின் மடங்காகவே அமையும். நினைவகத்தில் எந்த இடம் என்று சொல்லும் கம்பிக்கு முகவரிக் கம்பி என்று பெயர். ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1 போகும். அப்படிப் பத்து கம்பி இருந்தால் 2-ஐப் பத்து முறை பெருக்கி 1024 இடத்தைச் சுட்டலாம். 1024 ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் அதையும் கிலோ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். சின்ன அளவுகளில் யாருக்கும் இது உறைக்கவில்லை. கேபியில் (கிலோபைட்) வித்தியாசம் 2.4 சதவீதம்தான். எம்பியில் (மெகாபைட்) கிட்டத்தட்ட 4.9, ஜிபியில் (ஜிகாபைட்) 7.4, டிபியில் (டெராபைட்) 10 சதவீதத்துக்கு ஒரு நூல் குறைவு. மேலே ஏற ஏற வித்தியாசம் பெருகிக்கொண்டே போகிறது.

இதைத் தீர்க்க 1998-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்கு என்று தனிப் பெயர்களை வகுத்தது. கிலோவுக்குப் பதில் கிபி, மெகாவுக்குப் பதில் மெபி, ஜிகாவுக்குப் பதிலும் கிபி என்றே நம் காதில் விழும். ஆங்கிலத்தில் முதல் எழுத்தே வேறு. தமிழ் எழுத்தில் எழுதினால் ஆயிரத்துச் சொச்சத்துக்கும் நூறு கோடிச் சொச்சத்துக்கும் ஒரே பெயர் ஆகிவிடுகிறது! அதனால் நான் அந்தப் பெயர்களைக் கடையில் பயன்படுத்துவதில்லை. "ஆயிரக் கணக்கு", "1024 கணக்கு" என்று சொல்கிறேன். கேட்கிறவர்களுக்கு உடனே விளங்குகிறது.

நிலத்தில் குழி, காணி என்கிறோம். ஊருக்கு ஊர் அளவு வேறு. பத்திரத்தில் எந்த ஊர்க் குழி என்று பார்ப்பது போல, இங்கே எந்தக் கணக்கு கேபி என்று பார்க்க வேண்டும்.

1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். கம்ப்யூட்டரில் 931 ஜிபி என்று காட்டுகிறது. 69 ஜிபி எங்கே போச்சு?

எங்கேயும் போகவில்லை. டப்பாவில் இருக்கும் 1 டிபி ஆயிரக் கணக்கு, அதாவது 1 லட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024 கணக்கில் வகுக்கிறது. செய்து பார்க்கலாம்:

1 லட்சம் கோடி ÷ 1024 = 97,65,62,500
அதை மறுபடி ÷ 1024 = 9,53,674 (சுமார்)
இன்னொரு முறை ÷ 1024 = 931.3

இந்த 931-க்குப் பக்கத்தில் விண்டோஸ் "ஜிபி" என்று போடுவதுதான் சிக்கல். கணக்கு 1024, பெயர் மட்டும் ஆயிரத்தினுடையது. என் கருத்து, இதில் டிஸ்க் செய்பவரைவிட விண்டோஸ் மேல்தான் தவறு அதிகம். ஆப்பிள் 2009-ல் ஸ்னோ லெபர்ட் பதிப்பிலிருந்து மேக்கில் ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டது. அதே டிஸ்க்கை அதில் மாட்டினால் 1 டிபி என்றே காட்டும். டிஸ்க்கில் ஒரு பைட்கூட ஏறவில்லை, இறங்கவில்லை.

கடையில் வாங்கும்போது மனக்கணக்குக்கு ஜிபியை 0.93-ஆல் பெருக்குங்கள். 32 என்றால் 29.8, 64 என்றால் 59.6, 128 என்றால் 119, 500 என்றால் 465 சொச்சம். இதற்குப் பக்கத்தில் வந்தால் பொருள் சரி. ரொம்பக் குறைந்தால், உதாரணமாக 64-க்கு 50 என்று காட்டினால், உடனே கொண்டுபோய்க் கேளுங்கள்.

போனில் 128 ஜிபி என்று வாங்கி 100-தான் காலி என்றால் அது வேறு விஷயம். போனின் சொந்த மென்பொருளே அந்த இடத்தைப் பிடித்திருக்கும்.

ராமும் அப்படிக் குறையுமா?

குறையாது. ராம் என்பது கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், அது எப்போதும் 1024 கணக்குதான். 8 ஜிபி ராம் என்றால் 858 கோடியே 99 லட்சத்துச் சொச்சம் பைட் முழுதாக இருக்கும்.

கேபி, எம்பி, ஜிபி, டிபி: மனசில் நிற்கிற மாதிரி சொல்லுங்கள்.

நம் எண்ணிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக் கணக்கில் கேபி ஆயிரம் பைட், எம்பி 10 லட்சம், ஜிபி 100 கோடி, டிபி 1 லட்சம் கோடி. அதற்கு மேல் பெட்டாபைட், 10 கோடி கோடி. நம் கடை வாசலுக்கு அது வராது. மேலே போக ஆயிரத்தால் வகுக்க வேண்டும், கீழே இறங்க ஆயிரத்தால் பெருக்க வேண்டும். 1024 கணக்கு வேண்டுமென்றால் ஆயிரம் இருக்கும் இடத்தில் 1024-ஐப் போடுங்கள். ஒரே கணக்குக்குள் இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மோடு இருந்த பழைய ஃபிளாப்பி டிஸ்க்கே சாட்சி. அதன் மேல் 1.44 எம்பி என்று அச்சிட்டிருக்கும். உண்மையில் அது 1440 × 1024, அதாவது 14,74,560 பைட். ஆயிரக் கணக்கில் 1.47, 1024 கணக்கில் 1.41. அச்சிட்ட 1.44 இரண்டிலும் சேராது. அப்புறம், டிவிடியில் போட்டிருக்கும் 4.7 ஜிபி சுத்தமான ஆயிரக் கணக்கு, விண்டோஸில் 4.38 காட்டும்.

பரீட்சையில் எதை எழுதுவது?

தமிழ்நாடு பாடநூலில் 1 கிலோபைட் = 1024 பைட் என்றுதான் இருக்கிறது. பள்ளித் தேர்வில் அதையே எழுதுங்கள். வினாவிலேயே கிலோ = 1000 என்று கொடுத்திருந்தால் அதன்படி செய்யுங்கள். கூகுளில் 1 ஜிபிக்கு எத்தனை எம்பி என்று தேடினால் 1000 என்று வரும். அதைப் பார்த்துப் புத்தகம் தப்பு என்று பிள்ளைகள் பதற வேண்டாம்.

விண்ணப்பத்தில் போட்டோ 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 49.6 கேபி இருந்தும் ஏற்க மாட்டேன் என்கிறதே?

இந்தக் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். பண்ருட்டி பக்கத்திலிருந்து ஒரு பெண் ஒரு தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளில், சாயங்காலம் வந்தது. போட்டோ 49.6 கேபி. நாலு முறை ஏற்றினோம், நாலு முறையும் திருப்பி அனுப்பியது. ஃபைலின் விவரத்தைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. 49.6 கேபி என்பதன் பக்கத்திலேயே 50,800 பைட் என்று இருந்தது. விண்டோஸ் 1024-ஆல் வகுத்து 49.6 என்றது. அந்தத் தளம் ஆயிரக் கணக்கில் பார்த்து 50.8 என்று மறுத்திருக்கிறது. 45-க்குக் குறைத்ததும் ஏறிவிட்டது. அந்தப் பிள்ளையின் கை அதுவரை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து நான் கேபியைப் பார்ப்பதே இல்லை, பைட்டைத்தான் பார்க்கிறேன். மேல் வரம்புக்கு ஆயிரக் கணக்கையும் கீழ் வரம்புக்கு 1024 கணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். 20 முதல் 50 கேபி என்றால் உங்கள் ஃபைல் 20,480 பைட்டுக்கு மேலேயும் 50,000 பைட்டுக்குக் கீழேயும் இருக்கட்டும். தளம் எந்தக் கணக்கில் பார்த்தாலும் தப்பித்துவிடுவீர்கள். 2 எம்பிக்குள் என்றால் 20 லட்சம் பைட்டுக்குக் கீழே.

குறைக்கும்போது முதலில் படத்தின் அகல உயரத்தைக் குறையுங்கள். இரண்டையும் பாதியாக்கினால் புள்ளிகள் நாலில் ஒன்றாகும். தரத்தை மட்டும் இறக்கிக்கொண்டே போனால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

ஒரு பக்கம் ஸ்கேன் செய்தால் எவ்வளவு இடம் பிடிக்கும்? பழைய பத்திரத்தைக் கலரில் எடுக்கட்டுமா, கறுப்பு வெள்ளையா?

ஏ4 தாளை 300 டிபிஐ அளவில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று எடுத்தால் 2480 × 3508 புள்ளிகள், அதாவது 86,99,840. கலரில் ஒரு புள்ளிக்கு 3 பைட். மொத்தம் 26.1 எம்பி. கறுப்பு வெள்ளை மட்டும் என்றால் புள்ளிக்கு ஒரே ஒரு பிட். எட்டால் வகுத்தால் 1.09 எம்பி. 24 மடங்கு வித்தியாசம். ஜேபெக்காகச் சுருக்கினால் கலர்ப் படமும் ஒன்றிரண்டு எம்பிக்கு வந்துவிடும்; அதில் நுணுக்கம் கொஞ்சம் போகும்.

விண்ணப்பத்தோடு இணைக்கும் நகலுக்குச் சுருக்கியது போதும். தாத்தா காலத்துப் பத்திரம், கையெழுத்துக் கடிதம் மாதிரி மறுபடி கிடைக்காத காகிதத்தைக் கலரில், சுருக்காமல் எடுத்து வையுங்கள். முத்திரையின் சிவப்பும், மை மங்கிய இடமும் கறுப்பு வெள்ளையில் காணாமல் போகும். புதுச்சேரியில் இருக்கும் சைவச் சுவடித் தொகுப்பு 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அதில் சுமார் 11,000 சுவடிகள். ஒரு சுவடிக் கட்டில் நூறு ஓலை, இரண்டு பக்கமும் படம், படத்துக்கு 26 எம்பி என்று ஒரு பேச்சுக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கட்டுக்கே 5.2 ஜிபி. அப்படிப்பட்ட பொருளுக்கு இடம் செலவழிப்பதில் தயக்கமே வேண்டாம்.

தமிழில் எழுதினால் அதிக இடம் பிடிக்கும் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. எழுத்தைப் பைட்டாகப் பதிய இன்று இணையத்தில் பரவலாக இருக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். இங்கே குறி என்பது நாம் எண்ணும் எழுத்து அல்ல. "லூ" நமக்கு ஒரு எழுத்து. கம்ப்யூட்டருக்கு "ல", அதன் ஊகாரக் குறி என்று இரண்டு. புள்ளியும் தனிக் குறி. "கடலூர்" என்பதில் நமக்கு நாலு எழுத்து, கம்ப்யூட்டருக்கு 6 குறி, 18 பைட். "புதுச்சேரி" நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு 10 குறி, 30 பைட்.

இது கையைக் கடிப்பது எஸ்எம்எஸ்ஸில்தான். ஒரு எஸ்எம்எஸ் 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கிலத்துக்கு எழுத்துக்கு 7 பிட் வைத்து 160 எழுத்து போகும். தமிழுக்குக் குறிக்கு 16 பிட், ஆக 70 குறிதான். "புதுச்சேரி" என்று ஒருமுறை எழுதினாலே 70-ல் 10 போய்விடும். கோயில் திருவிழாவுக்கு மொத்தமாகத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பிய ஒரு பெரியவர், எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு பில் வந்ததென்று என்னிடம் வந்தார். அவருடைய செய்தி மூன்று எஸ்எம்எஸ்ஸாக உடைந்து போயிருந்தது. அனுப்பும் முன் குறிகளை எண்ணிக்கொள்ளுங்கள். 70-ஐத் தாண்டினால் ஒவ்வொரு துண்டிலும் 67-தான் பிடிக்கும், ஏனென்றால் துண்டுகளைச் சேர்க்கும் விவரத்துக்குக் கொஞ்சம் இடம் போகும்.

ஆனால் இதற்காகத் தமிழில் எழுதுவதைக் குறைக்காதீர்கள். ஒரு லட்சம் சொல் உள்ள தமிழ் நூலில் சொல்லுக்கு 25 பைட் என்று தாராளமாகப் போட்டாலும் மொத்தம் 2.5 எம்பி. போனில் எடுத்த ஒரு போட்டோவின் அளவு அது.

கல்யாண வீடியோ 5 ஜிபி. 32 ஜிபி பென்டிரைவ் காலியாக இருந்தும் காப்பி ஆகவில்லை, ஏன்?

பென்டிரைவ் ஃபேட்32 என்ற, ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையில் அமைந்திருக்கும். அதில் ஒரு ஃபைலின் அளவை எழுத 32 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295, அதாவது ஏறத்தாழ 4.29 ஜிபி. அதற்கு மேல் ஒரு பைட்கூட ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் காப்பி ஆகும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு டிவி பழையது என்றால் எக்ஸ்ஃபேட்டைப் படிக்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபைல்கள் எல்லாம் சேர்ந்து 200 எம்பிதான். பென்டிரைவில் 1.3 ஜிபி பிடித்திருக்கிறதே?

டிஸ்க் இடத்தைப் பைட் பைட்டாகக் கொடுக்காது, கட்டம் கட்டமாகத்தான் கொடுக்கும். விண்டோஸில் 64 ஜிபி பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் கட்டம் ஒன்று வழக்கமாக 128 கேபி. 20 கேபி போட்டோவுக்கும் முழுக் கட்டம் போகும். அப்படி 10,000 போட்டோ என்றால் 10,000 × 1,31,072 = 1.31 ஜிபி. சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டிப் போடுங்கள்.

சிசிடிவிக்கு எத்தனை டிபி டிஸ்க் போட வேண்டும்?

கேமரா அனுப்பும் வேகத்தை மெகாபிட்டில் கேட்டு வாங்குங்கள். அதை 10.8-ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். ஒரு நாளுக்கு 86,400 நொடி. எட்டால் வகுத்தால் மெகாபைட், ஆயிரத்தால் வகுத்தால் ஜிகாபைட். அந்த 10.8 இப்படி வந்ததுதான்.

கேமராவுக்கு 2 மெகாபிட், நாலு கேமரா: 8 × 10.8 = 86.4 ஜிபி ஒரு நாளுக்கு. 1 டிபி டிஸ்க் பதினொன்றரை நாளில் நிரம்பிப் பழையதை அழிக்க ஆரம்பித்துவிடும். முதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன், திருட்டு நடந்து இரண்டு வாரம் கழித்துப் பதிவைத் தேடினார், இல்லை. ஒரு மாதம் வேண்டுமென்றால் 2592 ஜிபி. 4 டிபி போட்டால் நிம்மதி.

500 ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். உள்ளே 32 ஜிபியோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதியிருப்பார்கள். கம்ப்யூட்டரும் 2 டிபி என்றே நம்பும். 0.93 கணக்கு இங்கே உதவாது. உண்மையான இடம் நிரம்பிய பிறகு நீங்கள் போடும் ஃபைல்கள் பெயரளவில் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. மகளின் மஞ்சள் நீராட்டு விழாப் படங்களை இப்படி இழந்த ஒரு அக்காவுக்கு என்னால் எதையும் மீட்டுத் தர முடியவில்லை. எந்தப் புது பென்டிரைவையும் ஒருமுறை முழுக்க நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்று இதற்கென்றே இலவச மென்பொருள்கள் உண்டு.

அன்றைய டேட்டா தீர்ந்ததும் 64 கேபிபிஎஸ் ஆகும் என்கிறார்கள். அதில் என்ன செய்யலாம்?

64 கிலோபிட், எட்டால் வகுத்தால் நொடிக்கு 8 கேபி. எழுத்துச் செய்தி தாராளமாகப் போகும். 50 கேபி குரல் பதிவு ஆறேழு நொடி. 200 கேபி படம் 25 நொடி. 10 எம்பி வீடியோவுக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

பிரான்ஸ் நாட்டுத் தளத்தில் ஆவணம் "2 எம்ஓ"-வுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அது என்ன எம்ஓ?

புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் கேட்பது. பிள்ளைகள் பிரான்சில் இருப்பார்கள், விசாவுக்கோ ஓய்வூதியத்துக்கோ காகிதம் ஏற்ற வேண்டியிருக்கும். பிரெஞ்சில் பைட்டை ஒக்தே என்கிறார்கள். எட்டு என்ற பொருளில் வந்த சொல், எட்டு பிட் என்பதால். மெகா ஒக்தே சுருங்கி எம்ஓ ஆகிறது. கேஓ, எம்ஓ, ஜிஓ என்றால் நம் கேபி, எம்பி, ஜிபி. மாற்றவே வேண்டாம், எண் அப்படியே இருக்கும். பிட்டை அவர்களும் பிட் என்றே சொல்வதால் ஸ்பீடும் ஃபைலும் அந்த மொழியில் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பிரெஞ்சில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். "1,5 எம்ஓ" என்றால் ஒன்றரை, பதினைந்து அல்ல.

500 ஜிபி போட்டோ வீடியோவை நெட்டில் ஏற்றி வைக்கலாமா, டிஸ்க்கில் வைக்கலாமா?

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது என் கடைக் கூரை பிய்ந்து, உள்ளே இருந்த டிஸ்க்குகள் நனைந்து போயின. வாடிக்கையாளர்கள் நம்பிக் கொடுத்து வைத்திருந்த படங்களும் அதில் இருந்தன. அதற்குப் பிறகு எதையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை.

கணக்கைப் பார்ப்போம். 500 ஜிபி என்றால் 40 லட்சம் மெகாபிட். 40 மெகாபிட் வேகத்தில் ஏற்றினால் 1 லட்சம் நொடி, அதாவது 27 மணி 47 நிமிடம். அதுவும் ஏற்றும் வேகம் முழுதாகக் கிடைத்து, நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். இன்னொரு டிஸ்க்கில் காப்பி செய்தால் நொடிக்கு 100 எம்பி வீதம் 5000 நொடி, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். அதைப் பையில் போட்டுக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறினால் இன்னொரு ஒரு மணி நேரம். பஸ்ஸில் போகும் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்தால் அதன் வேகம் நொடிக்கு 1111 மெகாபிட்.

முதல் பிரதிக்கு டிஸ்க்கே சிறந்தது. பிறகு தினமும் சேரும் கொஞ்சத்தை மட்டும் இரவில் நெட்டில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். நான் ரொம்ப நாள் ஒரு பிரதியைப் புதுச்சேரியில் அக்கா வீட்டில் வைத்திருந்தேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அக்கா டிஸ்க்கைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்ததால் தப்பித்தது. ஒரே புயல் இரண்டு ஊரையும் தொடும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. இப்போது மூன்றாவது பிரதி சேலத்தில் தம்பி வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்கும் ஆடிக்கும் அவன் ஊருக்கு வரும்போது பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்து அனுப்புகிறேன்.